தவராஜாவின் இரண்டு விரல்கள்

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்து ஒன்பது நாளாகியும் தவராஜா பதில் போடவில்லை. கடிதம் என்றால் தபால்காரர் போட்டுவிட்டுப் போகிற கடிதமில்லை. டென்மார்க்கில் ஆஸ்பத்திரிக் கடிதமும் கைத்தொலைபேசிக்குள்தான் வந்து விழும். வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் நிமிர்த்துகிற சத்திரசிகிச்சை ஒக்டோபர் எட்டாம் திகதி. வருவீர்களா மாட்டீர்களா என்று முதலாம் திகதிக்குள் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது. கீழே ஆம், இல்லை என்று இரண்டே இரண்டு பொத்தான்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் அந்த இரண்டையும் பார்ப்பதும் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இருபத்தொன்பது வருடம் மடங்கிக் கிடந்த விரல் நிமிரப் போகிறதென்றால் யாரும் ஓடிப்போய் ஓம் என்றுதான் சொல்வார்கள். தவராஜாவுக்கும் அப்படிச் சொல்ல மனம் வரும். சொல்லப் போகிற நேரத்தில் பார்த்து, செத்துத் தொண்ணூற்று நாலு வருடமான ஓர் அமெரிக்கன் குறுக்கே வந்து நிற்பான். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் மனைவி யோகமலர். இரண்டு பேருக்கும் நடுவில் தவராஜாவுக்குத் தலை சுற்றியது.

முதலில் அந்தக் கையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். தவராஜா இப்போது பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பில் இருக்கிறார். அதற்கு முன், கலியாணம் முடித்த புதிதில், ஹேர்னிங்கில் ஒரு பின்னல் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆயுத பூசையன்று யோகமலர் சந்தனம் குழைத்து, பிலிம் சுருள் வருகிற கறுப்பு டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் திருநீறும் குங்குமமும் அந்த டப்பாக்களுக்குள்தான் குடியிருந்தன. "மெசினுக்கு ஒரு பொட்டு வையுங்கோ. சோறு போடுறது அதுதானே" என்றாள் யோகமலர். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

வேலை மாறுகிற நேரம், இயந்திரம் நின்றிருந்தது. தவராஜா டப்பாவைத் திறந்து இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலது மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, துணியை இழுத்துச் சுற்றுகிற உருளைக்குப் பக்கத்தில் வடிவாக ஒரு பொட்டு வைத்தார். அப்போதுதான் மேற்பார்வையாளர் வருகிற சப்பாத்துச் சத்தம் கேட்டது. புதிய நாடு, புதிய வேலை, இதென்ன மஞ்சள் அழுக்கு என்று கேட்டால் எந்த டேனிஷில் விளக்குவது? பதறிப்போய் டப்பாவை ஜக்கெற் பொக்கற்றுக்குள் திணித்துவிட்டு, அதே விரலால் துடைக்கப் போனார். மறுபக்கத்தில் இருந்தவர் ஆள் நிற்பது தெரியாமல் இயந்திரத்தை ஓடவிட்டார். இரண்டு விரல்கள் உருளைக்குள் போய் வந்தன.

துப்புரவு செய்யும்போது நடந்த விபத்து என்று அறிக்கையில் எழுதினார்கள். தவராஜா யோகமலரிடமும் அதையே சொன்னார். பொட்டு வைக்கப் போய் விரலைக் கொடுத்தேன் என்று யாரிடம்தான் சொல்வது? சந்தனம் குழைத்துத் தந்தவளிடம் சொன்னால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தப் பொய்யை அவர் இருபத்தொன்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தார். விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன.

மிச்சமிருக்கிற மூன்று விரலுக்கும் ஏதாவது வேலை கொடு, இல்லாவிட்டால் அவையும் விறைத்துப்போகும் என்று கைப்பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். பழைய சாமான் கடையில் ஒரு பாஞ்சோ கிடந்தது. பறை மாதிரி வட்டம், அதில் தோல், அதற்கொரு நீளக் கழுத்து, ஐந்து தந்தி. ஊரில் பைலாப் பாட்டுக்காரர்களின் கையில் அப்படி ஒன்றைத் தவராஜா பார்த்திருந்தார். வீட்டுக்குக் கொண்டு வந்தார். யோகமலர் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மேளத்தை நிலவறையிலை கொண்டுபோய் வையுங்கோ" என்றாள். வைத்தார். அங்கேயே இருந்து, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில், திருவிழா மேளச்சமாவில் கேட்ட நாதஸ்வர மெட்டுகளைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் தட்டித் தடவிப் பழகினார். கேட்க ஆளில்லாததால் பிழையென்று சொல்லவும் ஆளில்லை.

எட்டு வருடத்துக்கு முன் அந்தத் தோய்க்கிற மெசின் பழுதாகியது. திருத்த வந்தவர் லோரன்ஸ். ஆறடி உயரம், நிலவறை வாசலில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டார். அவர் மெசினைக் கழற்ற, தவராஜா பக்கத்தில் சும்மா இருக்க முடியாமல் பாஞ்சோவை எடுத்து வாசித்தார். லோரன்ஸ் திருகாணிக் கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை எங்கே பழகினீர்கள்?" என்று டேனிஷில் கேட்டார்.

"இங்கேதான். இந்த மெசினுக்குப் பக்கத்தில்."

"இல்லை, யாரிடம்?"

"யாரிடமும் இல்லை."

லோரன்ஸ் நம்பவில்லை. ஹேர்னிங்கில் பழைய அமெரிக்க இசை வாசிக்கிற ஒரு சங்கம் இருந்தது. அவர்தான் அதன் தலைவர், பிடில்காரர். அடுத்த புதன்கிழமை தவராஜாவை அங்கே இழுத்துக்கொண்டு போய், சரசரவென்று இரைகிற ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். தவராஜாவின் நிலவறைச் சத்தம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வாசித்தவன் பெயர் சார்லி பூல் என்றார் லோரன்ஸ். வட கரோலினாவில் ஒரு பருத்தி ஆலைத் தொழிலாளி. கையுறை போடாமல் பேஸ்போல் பந்தைப் பிடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி, வலது கை விரல்களை உடைத்துக்கொண்டவன். உடைந்தவை வளைந்தபடியே பொருந்திவிட்டன. அந்தக் கையாலேயே மூன்று விரலால் பாஞ்சோ வாசித்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தைந்தில் அவனும் ஒரு பிடில்காரனும் ஒரு கிட்டார்காரனும் சேர்ந்து பதிந்த இசைத்தட்டு அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் போனது. முப்பத்தொன்பது வயதில் குடித்தே செத்தான். ஆனால் அந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பிறகு கன்ட்ரி இசை என்றும் புளூகிராஸ் என்றும் உலகத்தைக் கலக்கினார்கள். "அந்தப் பரம்பரையில் வந்தவர் நீங்கள்" என்று லோரன்ஸ் தவராஜாவின் தோளில் தட்டினார்.

தவராஜாவின் குழப்பம் அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்கியது. கேள்வியே படாத ஒருவனின் பரம்பரையில் எப்படி வருவது? அவன் பந்தைப் பிடிக்கப் போனான், இவர் பொட்டு வைக்கப் போனார். சங்கத்தில் எல்லோரும் தவராஜாவின் கையைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பழைய கை மறுபடி கிடைத்ததுபோல மகிழ்ந்தார்கள். இது என்னுடைய வாசிப்பா, அவனுடைய வாசிப்பா, இல்லாவிட்டால் இரண்டு விபத்தும் ஒரே மாதிரி வந்ததால் கேட்கிற சத்தமா? காரில் பிராண்டேக்குத் திரும்பி வருகிற அரை மணி நேரமும் இதே யோசனை.

அதோடாவது விட்டார்களா? ஒரு புதன்கிழமை லோரன்ஸ் புதிதாக ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்தார். சார்லி பூல் நகரத்துப் பாஞ்சோக்காரர்களின் இசைத்தட்டைக் கேட்டுத்தான் மூன்று விரல் வாசிப்பைப் பழகியிருக்கலாம், விரல் உடைந்த கதைக்கு ஆட்கள் அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். அப்படியானால் விரல் காரணமில்லையா என்று தவராஜா கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் லோரன்ஸ். மற்றவர்கள் அந்த இரண்டு விரலையும் தோலில் ஊன்றிக்கொண்டு வாசிப்பார்கள், தவராஜாவின் விரல்கள் எங்கும் படாததால் கை அந்தரத்தில் நின்று துள்ளுகிறது, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று அடுத்த கிழமை அவரே சொன்னார்.

சத்திரசிகிச்சை செய்யப் போகிற டொக்டரிடம் கேட்டால் அவராவது ஒன்றைச் சொல்வார் என்று தவராஜா நினைத்தார். விரல் நிமிரும், அதில் சந்தேகமில்லை என்றார் டொக்டர். வாசிப்பு? "இன்னும் நன்றாகவும் வரலாம், அடியோடு போகவும் கூடும். எனக்குப் பாஞ்சோ தெரியாது" என்று சிரித்தார். இவரை நம்பிக் கையைக் கொடுப்பதா என்று தவராஜாவுக்குக் கோபம் வந்தது.

அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிற மகள் சயந்தினிக்குத் தொலைபேசி எடுத்தார். "அது உங்கள் கை அப்பா, நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்" என்று அவள் டேனிஷில் சொன்னாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் இதுதான்.

யோகமலரிடம் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, பதில் போட்டாச்சே?"

"யோசிக்கிறன்."

"என்னத்தை யோசிக்கிறியள்? விரல் நிமிருமெண்டு டொக்டர் சொல்லுறார், நீங்கள் சோதனைக்கு இருக்கிற பெடியன் மாதிரி முழுசிக்கொண்டு இருக்கிறியள்."

"வாசிப்புப் போட்டுதெண்டால்?"

"அந்த மேளம் போனால் போகட்டும். எனக்கு உங்கடை கைதான் வேணும்."

இவள் ஏன் இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்பதுதான் தவராஜாவுக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாப்பிடும்போது யோகமலர் அவர் கையைப் பார்க்கமாட்டாள். அவர் சோற்றில் கை வைத்ததும் அவள் பார்வை யன்னலுக்குப் போய்விடும். நாலு பேர் கூடுகிற இடத்தில் அவளுக்கு வெட்கமாக இருக்குமென்று, கலியாண வீடுகளில் அவர் முள்ளுக்கரண்டியால் சாப்பிடப் பழகிக்கொண்டார். இன்னுமொரு விசயமும் இருந்தது. ஆயுத பூசைக்கு அவள் கார், தையல் மெசின், கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பூ வைப்பாள். சந்தனப் பொட்டு மட்டும் வைக்கமாட்டாள். ஒருமுறை கேட்டார். "துணியிலை பட்டால் போகாது" என்றாள். காரில் எங்கே துணி இருக்கிறது என்று யோசித்தார்.

சார்லி பூலின் அந்த இசைத்தட்டு வந்து நூறு வருடம் என்பதால் செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை ஹேர்னிங் மண்டபத்தில் ஒன்றுகூடல் வைத்தார்கள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு போக வேண்டும். மூன்று விரல் வாசிப்பைக் காட்டித் தரச் சொல்லித் தவராஜாவைக் கேட்டிருந்தார்கள். எட்டு வருடமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத யோகமலர், கத்தரிக்காய்க் கறியும் மஞ்சள் சோறும் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

"நீரும் வாறீரோ?" என்றார் தவராஜா நம்பமுடியாமல்.

"ஓம். அந்த லோரன்சிட்டை நானே கேக்கப் போறன், இந்த மனிசனை விடுங்கோ எண்டு."

மண்டபத்தில் அவள் நேரே குசினிக்குள் போனாள். நவராத்திரி விரத நாள், தன் சட்டிக்குப் பக்கத்தில் யாராவது பன்றி இறைச்சியை வைத்துவிடுவார்களோ என்று ஒரு மூலையாகப் பார்த்துச் சோற்றையும் கறியையும் வைத்து மூடிவிட்டு, லோரன்சைத் தேடி வெளியே வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பதினாலு டேனிஷ்காரர்கள் வட்டமாகக் கதிரையில் இருந்தார்கள். பதினாலு மடியிலும் பாஞ்சோ. பதினாலு பேருடைய வலது கையிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடக்கி, வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. நடுவில் தவராஜா.

முதியோர் இல்லத்தில் இருபது வருடம் காயம் கட்டியவள் அவள். பிளாஸ்டரைக் கண்டால் அவளுக்குக் காயம்தான் நினைவுக்கு வரும். "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த நரைத்த கூந்தல் பெண்ணிடம் குனிந்து, "உங்களுக்குமா? எந்த மெசினில்?" என்று டேனிஷில் கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "இல்லை, இல்லை. எங்கள் விரலெல்லாம் சுகமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. கட்டிப் பார்த்தும் சத்தம் வரவில்லை. உங்கள் கணவர் அதிர்ஷ்டசாலி."

பதினாலு பேரும் வாசித்தார்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோல இருந்தது. பிறகு தவராஜா தனியே வாசித்தார். மடங்கிய விரல்களுடன் அந்தக் கை தோலுக்கு மேல் துள்ளித் துள்ளிப் போனது. அந்த மூன்று நிமிடமும் யோகமலர் முதன்முறையாக அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் லோரன்ஸ் சிரித்தபடி அவளிடம் வந்தார். அவள் அவரிடம் ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டாள்.

தவராஜா தேடிக்கொண்டு போனபோது அவள் காருக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன யோகம்? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"அதிர்ஷ்டமாம்" என்றாள். "நீங்கள் அதிர்ஷ்டசாலியாம். நான் குழைச்சுத் தந்த சந்தனத்தாலை வந்த அதிர்ஷ்டம்."

தவராஜா கார்க் கதவைத் திறந்தார். "நீர் என்ன கதைக்கிறீர்?"

"நீங்கள் மெசின் துடைக்கப் போகேல்லை. பொட்டு வைக்கத்தான் போனனீங்கள்."

"ஆர் சொன்னது?"

"ஆரப்பா சொல்லுறது? ஆஸ்பத்திரியிலை உங்கடை உடுப்பை ஒரு பையிலை போட்டுத் தந்தவை. ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை டப்பா கிடந்தது, மூடி இல்லை. உங்கடை இடக்கை நகத்துக்குள்ளை சந்தனம் காய்ஞ்சு கிடந்தது. நீங்கள் மயக்கத்திலை படுத்திருக்க நான்தான் ஈரத்துணியாலை துடைச்சு விட்டனான். டப்பா இப்பவும் என்னட்டைத்தான் இருக்கு."

அவர் காருக்குள் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். இருபத்தொன்பது வருடமாக அவர் யாரிடமிருந்து ஒளித்தாரோ, அவளே அதை முதல் நாளிலேயே துடைத்துச் சுத்தம் செய்திருக்கிறாள்.

"ஏன் ஒருக்காலும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போடுவியளே. அதுக்குப் பயம்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் சோத்திலை கை வைக்கேக்கை எனக்கு அந்த டப்பாதான் தெரியும். விரல் நிமிர்ந்துதெண்டால் எனக்கும் அது போயிடும் எண்டு நினைச்சன்."

"நான் நீர் வெக்கப்படுறீரெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"வெக்கமோ? உங்களுக்கென்ன விசரே?"

தவராஜாவின் குழப்பம் தீரவில்லை, இன்னும் கூடியது. இவ்வளவு நாளும் அது ஒரு கை, ஒரு வாத்தியம், ஓர் அமெரிக்கன். இப்போது யோகமலரின் இருபத்தொன்பது வருடமும் அதே இரண்டு விரலுக்குள் வந்து இருந்துகொண்டது. அவளுக்காக நிமிர்த்திவிடலாம் என்று தோன்றியது. பாஞ்சோ போனாலும் போகட்டும் என்றுகூட அந்த நேரம் உண்மையாகவே நினைத்தார்.

"அப்ப ஓம் எண்டு போடட்டே, யோகம்?"

அவள் உடனே ஓம் என்பாள் என்று பார்த்தார். அவள் மண்டபத்து யன்னலைப் பார்த்தாள். உள்ளே பதினாலு பேரும் பிளாஸ்டர் கையோடு இன்னும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியேல்லை" என்றாள். "இப்ப எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை."

இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள். அடுத்த மூன்று நாளும் பதில் போகவில்லை.

முதலாம் திகதிதான் ஆயுத பூசை. பதிலுக்கும் அதுவே கடைசி நாள். தவராஜா வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சாமி அறையில் விளக்கு எரிந்தது. தையல் மெசின், கத்தரிக்கோல், கார்த் திறப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, நிலவறையிலிருந்து மேலே வந்த பாஞ்சோ. அதன் கழுத்தில் செவ்வந்திப் பூ. மரத்தில், தோலில் படாமல், ஈரம் காயாத ஒரு சந்தனப் பொட்டு.

அவர் வாசலில் நின்று அந்தப் பொட்டையே பார்த்தார். பக்கத்தில் அந்தக் கறுப்பு டப்பா இருந்தது. புதிதாகக் குழைத்த சந்தனம் அதற்குள் இருந்தது.

"கால் கை கழுவிக்கொண்டு வாங்கோ" என்றாள் யோகமலர். வந்தார். "வலக்கையைத் தாங்கோ."

கையை நீட்டினார். அவள் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். மடங்கிய மோதிர விரலின் மூட்டில் ஒரு பொட்டு, சுண்டு விரலின் மூட்டில் ஒரு பொட்டு. வைக்கும்போது அவள் பார்வை யன்னலுக்குப் போகவில்லை.

"இதுவும் ஆயுதம்தானே" என்றாள். பிறகு அவருடைய தொலைபேசியை எடுத்து இடக்கையில் கொடுத்தாள். "இப்ப பதிலைப் போடுங்கோ. உங்களுக்கு எது சரியெண்டு படுதோ, அதைப் போடுங்கோ."

எது சரியென்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. சார்லி பூலுக்கு வாசிப்பைக் கொடுத்தது விரலா இசைத்தட்டா என்பதும் தெரியாது. தனக்குக் கொடுத்தது எது என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்த இரண்டு விரலும் இனி யாரிடமும் எதையும் ஒளிக்கத் தேவையில்லை என்பதுதான். இடது பெருவிரலால் 'இல்லை' என்பதை அழுத்தினார்.

யோகமலர் கற்பூரம் கொளுத்தினாள். அவருக்குக் கண்ணீர் வந்தது, துடைக்க வேண்டும்போல இருந்தது. சந்தனம் காயும்வரை கையை அசைக்க வேண்டாம் என்று அவள் சொன்னாள். அவர் அசைக்கவில்லை.